"இதுக்கா இவ்ளோ நாள் பார்த்தோம்?" - கடைசி எபிசோடில் ஏன் கவிழ்கின்றன ஹிட் சீரிஸ்கள்?

ராத்திரி 2 மணி. காலையில் ஆபீஸ் இருக்கு எனத் தெரிந்தும், 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று கடைசி எபிசோடை ஓடவிடுகிறீர்கள். முடிகிறது. அழுகையும் வரவில்லை, கைதட்டவும் தோன்றவில்லை. "அவ்ளோதானா?" என்று மட்டும் கேட்கிறீர்கள். பெருமூச்சு விடுவதற்குள் திரையில் வேறொரு சீரிஸின் டிரெய்லர் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

நல்லா ஆரம்பிச்ச சீரிஸ்கள் ஏன் கடைசியில் இப்படிச் சொதப்புகின்றன? 'எழுதுறவங்களுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு' என்று சட்டென சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைதான். முடிவை யார், எப்போது தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் மீதி உண்மை இருக்கிறது.

(இனி வருவதெல்லாம் ஸ்பாய்லர். பார்க்காதவர்கள் உஷார்!)

முன்கூட்டியே எடுத்த முடிவு

2005-ல் தொடங்கி 9 சீசன்கள் ஓடிய 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வெளியான கடைசி எபிசோடில் டெட்டின் பிள்ளைகள் பேசும் காட்சி, 2006-லேயே படமாக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களே என்ற முன்னெச்சரிக்கை அது. பிள்ளைகள் வளரவில்லை, கதை வளர்ந்துவிட்டது. கடைசி சீசன் முழுக்க பார்னி - ராபின் கல்யாணத்தையே சுற்றிவந்தது. ஆனால், இறுதி எபிசோடில் அவர்களுக்கு விவாகரத்து. ஒன்பது வருஷம் காத்திருந்து பார்த்த 'அம்மா'வும் இறந்துபோகிறாள். பழைய முடிவுக்குள் புதிய மனிதர்களைத் திணித்தால் இப்படித்தான் ஆகும்.

அவசரமாக எடுத்த முடிவு

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை இதற்கு நேரெதிர். ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் 2011-ல் வந்தது. ஆறாவது வருவதற்குள் சீரிஸ் கதையைத் தாண்டிப் போய்விட்டது. சீசனுக்கு 10 எபிசோடுகள் என்று நிதானமாக நடந்த கதை, கடைசி இரண்டு சீசன்களில் 7, 6 எனச் சுருங்கி ஓட்டமெடுத்தது. டெனேரிஸ் ஒரு நகரத்தையே எரிப்பது நடக்கவே கூடாத விஷயமில்லை. ஆனால், அவள் அங்கே வந்து சேரும் பாதையை நமக்குக் காட்டவில்லை. 'கடைசி சீசனைத் திரும்ப எடுங்க' எனப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டதற்குக் காரணம் அதுதான்.

முடியவே விடாத முடிவு

லேட்டஸ்ட் உதாரணம், 'ஸ்க்விட் கேம்'. இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யுக் முதலில் ஒரே சீசனாகத்தான் இதை யோசித்திருந்தார். 2021-ல் உலகமே பார்த்தது. அதன்பிறகு கதையை யார் முடிய விடுவார்கள்? கடனில் மூழ்கியவர்களைப் பணக்காரர்கள் விளையாட்டுப் பொம்மைகளாக்கும் கொடுமையைச் சொன்ன கதை அது. 2023-ல் அதே பெயரில் 456 நிஜப் போட்டியாளர்களையும், 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசையும் வைத்து ரியாலிட்டி ஷோவே நடத்திவிட்டார்கள்!

2025 ஜூனில் வந்த மூன்றாவது சீசனில், ஒரு பச்சைக் குழந்தைக்காக கி-ஹுன் உயிரைக் கொடுக்கிறார். அந்தக் கனம் நெஞ்சில் இறங்குவதற்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் சந்து ஒன்றில் கேட் பிளான்செட், புதிதாக ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். சாவு வீட்டு வாசலில் நின்று புதுக்கடைத் திறப்பு விழா நோட்டீஸ் கொடுத்த மாதிரி இருந்தது.

காரணம் சிம்பிள். ஓடிடி தளங்கள் மாதச் சந்தாவில் ஓடுகின்றன. முடிந்துபோன கதை உங்களை அடுத்த மாதம் பணம் கட்ட வைக்காது. முடியாத கதை வைக்கும். 'மெகா சீரியலை இழுக்குறாங்க' என அம்மாவைக் கிண்டலடித்த நாமும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம், கூடவே சந்தாவும் கட்டிக்கொண்டு.

முடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 'பிரேக்கிங் பேட்' 62 எபிசோடுகளோடு, பார்வையாளர்கள் கூடிக்கொண்டிருந்தபோதே 2013-ல் முடிந்தது. 'ஃப்ளீபேக்' மொத்தமே 12 எபிசோடுகள். இரண்டையும் இன்றும் நண்பர்களுக்குத் தயங்காமல் சிபாரிசு செய்கிறோம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பற்றிச் சொல்லும்போது மட்டும், 'சூப்பரா இருக்கும், ஆனா கடைசி சீசன்...' என்று இழுக்கிறோம். மோசமான முடிவு கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் கெடுப்பதில்லை. அதற்கு முன் நாம் ரசித்த வருடங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது.

அதனால், அடுத்த சீசன் வந்துவிட்டது என்பதற்காகவே பார்த்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதல் சீசன் கடைசியில் கி-ஹுன் விமானத்தில் ஏறாமல் திரும்பி நடக்கிறாரே... எனக்கு 'ஸ்க்விட் கேம்' அங்கேயே முடிந்துவிட்டது. கதையை எங்கே நிறுத்துவது என அவர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன? ரிமோட் நம் கையில்தானே இருக்கு!