காரைத் தாழ்த்துவதில் எது சிக்கனம்?



வாலிபப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு வாக்குவாதம் அடிக்கடி எழுகிறது. மகன் தன் சம்பாத்தியத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறான். சில மாதங்களில் அதைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்த ஆசைப்படுகிறான். வாப்பா அதை வீண்விரயம் என்கிறார். மகனோ, மிகக் குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்கிறான். இருவரில் யாருடைய சொல்லை ஏற்பது? மகனின் ஆசையை நாம் குறை கூறவில்லை. ஆனால் "குறைந்த செலவு" என்று அவன் எதைச் சொல்கிறான் என்பதை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

நம் குடும்பங்கள் பல வாழும் பிரிட்டனையும், அங்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுவோர் அதிகம் நாடும் மஸ்டா எம்எக்ஸ்-5 காரையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1989 ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இந்த இருவர் கார், 2016 ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையைத் தொட்டது. விரைவுக்குப் பேர்போன கார் அல்ல இது. எடை குறைவு, நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பற்றும்படி அமைத்த சஸ்பென்ஷன், இவையே அதன் பெருமை. அந்தப் பெருமையில்தான் இப்போது நாம் கை வைக்கப் போகிறோம்.

தாழ்த்துவதால் பயன் உண்டா? உண்டு. காரின் புவியீர்ப்பு மையம் கீழே இறங்கினால், வளைவில் ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் பாரம் குறையும். அந்த மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினால் கிடைக்கும் குறைவு 5 விழுக்காடு. பயன் இவ்வளவே என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த 5 விழுக்காட்டுக்காக எதை இழக்கிறோம் என்பதே அடுத்த கேள்வி.

மிக மலிவான வழி, பழைய ஸ்பிரிங்கைக் கிரைண்டரால் வெட்டிவிடுவது. செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் சுருள் குறையக் குறைய ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும். எட்டுச் சுருளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 விழுக்காடு ஏறும். இழந்த உயரத்துக்கு இந்த விறைப்பு போதுமா என்று எவரும் கணக்கிட்டு வெட்டுவதில்லை. வெட்டிய முனை தன் தட்டில் சரியாக உட்காருவதும் இல்லை. வண்டி ஒரு மேட்டைத் தாண்டிச் சக்கரம் கீழே தொங்கும் கணத்தில், உயரம் குறைந்த ஸ்பிரிங் தளர்ந்து இடம் விலகக்கூடும். சிலர் வெட்டாமல், தீச்சுடரால் சுட்டு அதை அமிழ வைக்கிறார்கள். ஸ்பிரிங் எஃகின் வலிமை, ஆலையில் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தியதால் வந்தது. சிவக்கச் சுட்டால் அந்தப் பதம் போய்விடும். பின்னர் அது எப்போது அமிழும், எப்போது ஒடியும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது வழி, தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்குகளை வாங்குவது. இது நேர்மையான வழி. கம்பியின் தடிப்பையும் சுருள்களையும் கணக்கிட்டு அவற்றைச் செய்கிறார்கள். கம்பி 10 விழுக்காடு தடித்தால் விறைப்பு ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும். கண்ணளவில் செய்யும் வேலை அல்ல இது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். ஆயினும் பணத்தை மிச்சப்படுத்த எண்ணுவோர் இங்கேயும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். புதிய ஸ்பிரிங்கை, முப்பது ஆண்டு உழைத்துக் களைத்த ஷாக் அப்சார்பரோடு சேர்த்து மாட்டிவிடுகிறார்கள்.

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அதன் துள்ளலை அடக்குகிறது. ஸ்பிரிங் விறைப்பானால் துள்ளலின் வேகமும் கூடும். அதை அடக்கக் களைத்த ஷாக் அப்சார்பருக்குத் திராணி இராது. மேடு பள்ளமான சாலையில் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும். தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. இன்னொன்று: காரை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினால், சக்கரம் மேலெழும்ப இருந்த இடத்திலும் அதே அளவு போய்விடும். சக்கரத்தின் ஓட்டத்தை இறுதியில் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையில் அது அடிக்கடி மோதும். வளைவின் நடுவே அப்படி மோதினால் அந்தச் சக்கரத்தின் பாரம் திடீரென ஏறும், பிடிப்பு நழுவும்.

இதைக் காரோட்டியின் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட நம்மால் முடியவில்லை. மழை பெய்த மாலையில் பாதசாரிகள் கடக்கும் கோட்டின் முன்னே அந்தக் கார் நின்றாக வேண்டும். அங்கே ஒரு தாய் குழந்தையின் கையைப் பிடித்து நிற்கலாம். நாம் மிச்சம் பிடித்த தொகையின் விலையைக் கொடுக்கப் போவது, நமக்கு முன்பின் தெரியாத அவர்கள். பிறர் தலையில் இறக்கிவைக்கும் செலவுக்குச் சிக்கனம் என்று பெயர் கிடையாது. சாலையில் செல்வோரின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம்.

ஆகவே, சிக்கனம் என்பது எதை முதலில் செய்வது என்னும் வரிசையில்தான் இருக்கிறது என்று சொல்கிறோம். முதலில் டயர். அடுத்து, வெடித்துப்போன ரப்பர் புஷ்களும் களைத்த ஷாக் அப்சார்பர்களும். அதன் பிறகே ஸ்பிரிங். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சேர்த்து வாங்கி ஒரே நாளில் மாட்டினால், கழற்றி மாட்டும் கூலி ஒருமுறையோடு தீரும். தனித்தனியே வாங்குபவர் அதே கூலியை இருமுறை கொடுப்பார். பணம் போதவில்லையென்றால் பொறுத்திருக்கலாம். தாழாத கார் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

சொந்தக் கையால் செய்வோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அழுத்திய ஸ்பிரிங் கட்டவிழ்ந்தால் ஆளையே கொல்லும். நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் தொடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது; ஸ்டாண்ட் வைக்க வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் உப்பிடும் நாட்டில் நீண்ட போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். முந்தைய நாளே எண்ணெய் இட்டு ஊறவைப்பது நல்லது. புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காமல், கார் தன் பாரத்தோடு நிற்கும் நிலையில் இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுகி விரைவில் கிழியும். இறுதியில் வீல் அலைன்மென்ட். அந்தச் செலவை மிச்சம் பிடித்தவர் டயரின் உள்ளோரம் தேய்ந்த பிறகு அதைவிடப் பெரிய தொகையைக் கொடுப்பார்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனம் காரில் செய்த மாற்றங்களைக் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பிரீமியம் ஏறும் என்று அஞ்சி மறைத்தால், விபத்து நாளில் இழப்பீடு குறைக்கப்படலாம், மறுக்கவும்படலாம். ஒப்பந்தத்தில் உண்மையை மறைப்பது நமக்கு ஆகுமானதும் அல்ல. ஜெர்மனியில் ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்குரிய சோதனைச் சான்று வேண்டும். பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் வண்டியைக் காட்டவும் வேண்டும். அத்தகைய சான்றோடு வரும் ஸ்பிரிங்கை வேறு நாட்டில் இருப்போரும் தேடி வாங்கலாம். இந்தியாவிலோ 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52 ஆவது பிரிவில், வாகனத்தை மாற்றுவதற்குக் கடுமையான வரம்பு விதித்திருக்கிறது. ஊரில் இதைச் செய்ய எண்ணுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்ட பின்பே ஸ்பனரைத் தொட வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட்டால், அவன் உங்களுக்குத் தெரியாமல் யாரோ ஒருவரின் கொட்டகையில் ஸ்பிரிங்கை வெட்டிக்கொண்டு வருவான். அதைவிட, அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள்: டயர், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், அலைன்மென்ட், காப்பீடு. மொத்தத் தொகையைக் கண்ட பின் அவன் காத்திருக்க முடிவு செய்யலாம், ஆசையையே கைவிடலாம், சேமித்து முறையாகவும் செய்யலாம். எதைச் செய்தாலும், இன்ஷா அல்லாஹ், அறிந்து செய்தவனாக இருப்பான்.