எஞ்சினை மாற்றலாம், எண்ணை மறைக்கலாமா?

கடந்த ஆண்டு என் மாணவர் ஒருவர் பழைய புரோட்டோன் வீரா ஒன்றை வாங்கினார். பகுதி நேர வேலை செய்து சேர்த்த 4,500 ரிங்கிட்டைக் கொடுத்தார். "எஞ்சின் மாத்தியாச்சு தம்பி. ஒன் பாயிண்ட் எய்ட். ஹைவேயில பறக்கும்" என்றார் விற்றவர். பெயர் மாற்றுவதற்காகப் பரிசோதனை நிலையத்துக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. எஞ்சினில் இருந்த எண் வேறு, கெரானில் இருந்த எண் வேறு. கார் தேறவில்லை. விற்றவரின் கைப்பேசியும் அன்று மாலையிலிருந்து எடுபடவில்லை. இன்று அந்தக் கார் வீட்டோரத்தில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது. மாணவர் பழையபடி மோட்டார் சைக்கிளில் வகுப்புக்கு வருகிறார்.

வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறவன் என்ற முறையில் அந்தக் காரை ஒருநாள் தூக்கி வைத்துப் பார்த்தேன். எண் மட்டும் பிரச்சினை இல்லை. புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஆக்சிஜன் சென்சாரின் வயர் எதிலும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என் மாணவரை ஏமாற்றியதும் அக்கம்பக்கத்தாரை இருமவைப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

நம் நாட்டில் எஞ்சின் மாற்றம் புதிதல்ல. ஜப்பானில் புதிய காருக்கு மூன்று ஆண்டுகளிலும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவை நினைத்தே பலர் நல்ல நிலையில் உள்ள கார்களையும் கழித்துவிடுகிறார்கள். அவற்றின் முன்பாதி வெட்டப்பட்டு 'ஹாஃப் கட்' என்ற பெயரில் நம் துறைமுகங்களுக்கு வந்து சேருகிறது. கஞ்சிலுக்கு டைஹட்சு மீராவின் டர்போ எஞ்சின், வீராவுக்கு மிட்சுபிஷியின் 4ஜி93 எஞ்சின் என்று பட்டறைகளில் இதற்கென்றே ஒரு தனிக் கலை வளர்ந்திருக்கிறது. தேய்ந்துபோன எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடுவதைவிட இது மலிவாகவும் முடியலாம். இதில் தவறு எதுவும் இல்லை.

சட்டமும் இதைத் தடுக்கவில்லை. ஆனால் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவில் உள்ள விவரம் மாறினால் ஜேபிஜேயிடம் தெரிவிக்க வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீதும் சுங்கப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும். வாகனத்தைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். அதன் பிறகே கெரானில் புதிய எண் ஏறும்.

பிறகு ஏன் மறைக்கிறார்கள்? ஒரு காரணம் சாலை வரி. தீபகற்பத்தில் தனியார் பெயரில் உள்ள சாதாரணக் காரைக் கணக்கிட்டுப் பாருங்கள். வீராவின் 1,468 சிசி எஞ்சினுக்கு ஆண்டு வரி 90 ரிங்கிட். 1,834 சிசி கொண்ட 4ஜி93-க்கு 297 ரிங்கிட். காப்புறுதிச் சந்தாவும் எஞ்சின் அளவைப் பொறுத்து மாறும். ஆண்டுக்குச் சில நூறு ரிங்கிட் மிச்சம் என்று நினைத்துப் பலர் மாற்றத்தைப் பதிவதில்லை. விபத்து நடந்து, காப்புறுதி நிறுவனம் பதிவில் இல்லாத எஞ்சினைக் கண்டுபிடிக்கும்போது அந்த மிச்சம் எவ்வளவு சின்னது என்று தெரியும்.

இன்னொரு காரணம், யாரும் கேட்பதில்லை என்பது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. சொந்த உபயோகத்துக்கான காருக்கு அப்படி எதுவும் இல்லை. பெயர் மாற்றம் போன்ற சில சமயங்களில்தான் அது பரிசோதனை நிலையத்தைப் பார்க்கிறது. ஒருவர் இன்று எஞ்சினை மாற்றிப் பத்து ஆண்டுகள் ஓட்டினாலும் அதைக் கேட்க ஆள் இல்லாமல் போகலாம். பதினோராவது ஆண்டில் அதை வாங்கும் இளைஞன்தான் மாட்டிக்கொள்கிறான். மறைக்கப்பட்ட எஞ்சின் ஒரு மறைக்கப்பட்ட கடன். அதை வாங்கியவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர்.

இனி புகைக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு எரிபொருளுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று சேர்ந்தால்தான் எரிதல் சரியாக இருக்கும். இந்தக் கணக்கைக் கவனித்து எஞ்சின் கணினிக்குச் சொல்வது ஆக்சிஜன் சென்சார். அது இல்லாவிட்டால் கணினி குத்துமதிப்பாக எரிபொருளை ஊற்றும். எரிந்த பிறகும் மிஞ்சும் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் மாற்றிக் கேடு குறைந்தவையாக வெளியே விடுவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. எஞ்சின் ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்த உறுப்புகள் வழியிலேயே காணாமல் போவதற்கு அந்த விலையும் ஒரு காரணம்.

1996-இல் வந்த சுற்றுச்சூழல் விதிகள் பெட்ரோல், டீசல் வாகனங்கள் இரண்டுக்கும் புகை வரம்பு வைத்திருக்கின்றன. டீசல் லாரியின் கரும்புகை கண்ணுக்குத் தெரியும், அதிகாரி நிறுத்துவார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கருவி வைத்தால்தான் தெரியும். 2020 ஜனவரியிலிருந்து நம் ரோன்95 பெட்ரோல் யூரோ 4எம் தரத்துக்கு உயர்ந்தது. கந்தகத்தின் அளவு 500 பிபிஎம்மிலிருந்து 50-க்கு இறங்கியது. கந்தகம் குறைந்தால் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்யும். ஆனால் கன்வெர்ட்டரே இல்லாத காருக்கு அதனால் என்ன பயன்?

இதே சிக்கலை அமெரிக்காவின் கலிபோர்னியா எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது நல்லது. அங்கே எஞ்சினை மாற்ற அனுமதி உண்டு. ஆனால் புதிதாகப் பொருத்தும் எஞ்சின் காரின் மாடல் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அனைத்தும் கூடவே வர வேண்டும். 'ரெஃப்ரி' எனப்படும் நடுவர் நிலையத்தில் சரிபார்த்து, காரில் ஓர் ஒட்டுவில்லை ஒட்டுவார்கள். பெரும்பாலான இடங்களில் அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை தொடரும். 1975 வரை வந்த பெட்ரோல் கார்களுக்கு விலக்கு உண்டு. 35 ஆண்டுகளைக் கடந்த சேகரிப்புக் கார்களுக்கும் விலக்கு வேண்டும் என்று தொலைக்காட்சிப் புகழ் ஜே லெனோ ஆதரித்த மசோதா 2025-இல் குழு நிலையைத் தாண்டவில்லை.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அது எஞ்சினைத் தனி இரும்பாகப் பார்க்காமல், உறுப்புகளோடு சேர்ந்த ஒரு தொகுதியாகப் பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் எஞ்சின் மாற்றம் காற்றுக்கு நன்மையாகவும் முடியலாம். கார்புரேட்டர் வைத்த தேய்ந்த எஞ்சினை எடுத்துவிட்டு, இஞ்செக்‌ஷன் எஞ்சினை அதன் சென்சார், கன்வெர்ட்டரோடு முழுமையாகப் பொருத்தினால் அந்தப் பழைய கார் முன்னைவிடச் சுத்தமாக ஓடும்.

அப்படியானால் பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2009 அக்டோபரில் அரசு அதைத்தான் அறிவித்தது. 15 ஆண்டுகளைக் கடந்த கார்கள் சாலை வரியைப் புதுப்பிக்கும்போது பரிசோதனையில் தேற வேண்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பேருந்து வராத தாமானில் இருக்கும் ஒருவருக்குப் பழைய சாகாதான் வேலைக்குப் போகும் வழி. தேறாவிட்டால் என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லாமல் பரிசோதனையை மட்டும் திணித்தால் சுமை ஏழையின் தலையில்தான் விழும்.

இப்போது காலம் கனிந்திருக்கிறது. 1994 முதல் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த வாகனப் பரிசோதனையின் சலுகைக் காலம் 2024 ஆகஸ்டில் முடிந்தது. புதிய நிறுவனங்களுக்கும் இடம் தர அரசு முடிவெடுத்தது. இந்த நிலையங்களில் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. எஞ்சின் மாற்றத்தை அங்கீகரிக்கும்போது கன்வெர்ட்டர், சென்சார் ஆகியவற்றையும் பட்டியலிட்டுப் பதிய வேண்டும். அப்படி மாற்றிய கார்களுக்கு மட்டுமாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை குறைந்த கட்டணத்தில் புகைச் சோதனை வேண்டும். முன்பே மாற்றிவிட்டுப் பதியாமல் இருப்பவர்கள் அபராதமின்றிப் பதிந்துகொள்ள ஒரு கால அவகாசம் தர வேண்டும். பயம் போனால்தான் மறைத்தவை வெளியே வரும்.

பழைய கார் வாங்கப்போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தை எண்ணுவதற்கு முன் எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் கெரானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "மாத்தியாச்சு" என்று விற்பவர் சொன்னால் அதற்கான ரசீதைக் கேளுங்கள். காரைத் தூக்கி வைத்துப் புகைக்குழாயைப் பாருங்கள். பரிசோதனையில் தேறிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

என் மாணவர் அந்த வீராவின் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று இன்னும் பட்டறை பட்டறையாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். ரசீது கிடைத்தால் கன்வெர்ட்டரை வாங்கிப் பொருத்துவோம், நானும் கை கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.