சமூகம் உடலன்று, கூட்டுத்தொகையுமன்று

மும்பைத் தமிழர் குறித்து நாம் எழுதும் கட்டுரைகளில் 'மும்பைத் தமிழ்ச் சமூகம்' என்னும் தொடர் தேய்ந்துபோகுமளவு பயில்கிறது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்த மாட்டுங்காவினரும், திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டோரும், செம்பூர்த் திலக் நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பினரும் அத்தொடருள் ஓருடலின் உறுப்புகளாகிவிடுகின்றனர். இவர்களை ஒன்றாக்கியது தமிழ் மட்டுமா? 1966இல் சிவசேனை தோன்றியபின் வலுப்பெற்ற 'மதராசி' என்னும் வசைப்பெயருக்கும் அதில் பங்குண்டு. நம் ஆய்வாளர் இதனை வசதியாக மறந்துவிடுவர்.

உடலுவமையைத் தாராவியே மறுக்கிறது. பாந்திரா இறைச்சிக்கூடத்தின் அண்மையால் வளர்ந்தது அதன் தோல்தொழில். அக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறியது. தொழில் மடியவில்லை, பை, இடைவார் முதலியன செய்யும் பட்டறைகளாக உருமாறிற்று. பகுதிகளின் ஊடாட்டத்தால் முழுமை பிறக்கிறது, பகுதிகளோ கழன்று பிறிதோரிடத்தில் பொருந்தவும் வல்லன என மானுவேல் தெலாந்தா 2006இல் முன்வைத்த கருத்து ஈண்டுப் பொருந்துகிறது.

இனி மறுதரப்பினர். தனிமனிதரே உண்மை, சமூகம் வெறும் பெயர் என்பர். மாக்ஸ் வெபரைத் துணைக்கழைப்பர். இக்கொள்கை நூலகத்தோடு நிற்பதன்று. தாராவி மறுசீரமைப்பில் 2000 சனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 சனவரி 1 வரை குடியேறியோர்க்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு. மாடியில் வாழ்வோர்க்கும் வெளியேதான், வாடகைக்கு. குடும்பம் குடும்பமாக எண்ணினால் கணக்கு நேராகவே இருக்கும். கீழே பட்டறை, மேலே அதன் தொழிலாளி, எதிரே கடனுக்கு அரிசி தரும் மளிகைக்கடை, தெருவில் சீட்டுப் பிடிக்கும் பெண் ஆகியோரிடையே நிலவும் பிணைப்பு எப்பட்டியலிலும் ஏறாது. வேலையையும் வீட்டையும் வெவ்வேறு இடங்களில் வைத்தால் அறுவது அப்பிணைப்பே.

கூட்டு உருக்களை அரசு அறியாததன்று. திலக் நகரில் கட்டடங்கள்தோறும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் உண்டு. 1960ஆம் ஆண்டு மகாராட்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் அதனைச் சட்டமுறை நபராக ஏற்கிறது. உறுப்பினர் இறப்பர், வீட்டை விற்றுப் போவர், சங்கம் நிலைக்கும். மறுகட்டுமானம் வரின் கட்டுமான நிறுவனத்தோடு பேரம் பேசிக் கையொப்பமிடுவதும் அச்சங்கமே. செம்பூரில் உள்பொருளாவது தாராவியில் இல்பொருளாவது எங்ஙனம்? மெய்யியலார் இதற்கு விடை கூறுமுன், மளிகைக்கடைக் கடன் ஏட்டையும் சீட்டுக் குறிப்பேட்டையும் நம் கள ஆய்வாளர் சான்றாவணமாகப் படியெடுக்க வேண்டும். வீடுகள் இடிபட்டபின் அவை கிடையா.