வெங்காயம் இல்லாத சாத்தே

காஜாங் பக்கம் போனால் நாங்கள் சாத்தே சாப்பிடாமல் திரும்பியதில்லை. போன மாதம் வீட்டில் எல்லாரும் சாப்பிட, நான் வெள்ளரிக்காயும் கெத்துப்பாட்டும் மட்டும் மென்றுகொண்டிருந்தேன்.

எனக்கு ஐபிஎஸ் எனும் குடல் தொல்லை. அதற்காகக் குறைந்த ஃபோட்மேப் உணவுமுறைக்கு மாறியிருந்தேன். குடலில் சரியாகச் செரிக்காமல் புளித்து, வாயுவாகும் சிலவகைச் சர்க்கரைகளைக் குறைக்கும் முறை அது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கியது.

“வெங்காயத்தைத் தள்ளி வச்சிட்டுச் சாப்பிடேன்” என்றார் அம்மா. சிக்கலே அங்கேதான். கோழியில் ஃபோட்மேப் இல்லை. ஆனால் அது ஊறும் மசாலாவில் சின்ன வெங்காயமும் பூண்டும் அரைத்துச் சேர்க்கிறார்கள். கடலைக் குழம்பிலும் அப்படித்தான். அவற்றிலுள்ள ஃபிரக்டான் நீரில் கரைந்துவிடும். பொறுக்கி எடுக்க முடியாது.

ஆனால், ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது! அடுத்த ஞாயிறு வீட்டிலேயே சுட்டேன். பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் செராய், லெங்குவாஸ், மஞ்சள், மல்லித்தூள், உப்பு, சீனி கலந்து கோழியை ஊறவைத்தேன். கடலைக் குழம்பிலும் வெங்காயம் இல்லை.

அம்மா ஒரு குச்சியைக் கடித்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றை எடுத்தார். வயிறும் அன்றிரவு அமைதியாக இருந்தது.

இந்தக் கட்டுப்பாடு ஆயுளுக்கும் அல்ல. 2 முதல் 6 வாரங்களே. பிறகு உணவியல் நிபுணரின் ஆலோசனையோடு, விலக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு அடுத்த வாரம் பூண்டின் முறை. அது ஒத்துக்கொண்டால், பிறகு வெங்காயம். அதுவும் ஒத்துக்கொண்டால் காஜாங்!