செவிக்கு இனிய படைத்தலைவன்

விருதுநகரின் பெயருக்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. பல ஊர்களை வென்று, அவ்வெற்றிகளின் அடையாளமான விருதுக்கொடிகளைத் தாங்கிவந்த வீரன் ஒருவன், தன்னை எதிர்ப்பார் உளரோ என இவ்வூராரையும் அறைகூவி அழைத்தானாம். ஊரார் ஒருவர் எதிர்வந்து, அவனை வீழ்த்தி, விருதுகளையெல்லாம் வெட்டி எறிந்தாராம். அதனால் விருதுகள்வெட்டி எனப்பட்ட ஊர், பின்னர் விருதுபட்டியாகி, 1923-ஆம் ஆண்டில் விருதுநகர் ஆயிற்று. கதை மெய்யோ புனைவோ, அதில் நமக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. வந்தவன் பெயர் நிலைக்கவில்லை. அவன் வென்ற ஊர்களின் பட்டியலும் நிலைக்கவில்லை. விருது வெட்டுண்ட செய்தியே ஊர்ப்பெயராக நின்றது. அந்நகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ள ஆமத்தூரில் இருந்துகொண்டு பண்டைப் படைத்தலைவரைப் பற்றி எழுத முற்படும்போது, இக்கதையே முதலில் நம் நினைவுக்கு வருகிறது.

பண்டைய உலகில் உமக்குப் பிடித்த படைத்தலைவர் யார் என்று நம் மாணவரைக் கேட்டால், அலெக்சாண்டர், ஹானிபல், சீசர் என்ற விடைகளே வரும். அவர்களைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. கி.மு. 218-இல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த ஹானிபல், கி.மு. 216-இல் கன்னே என்னும் களத்தில், தன் படையினும் பெரிய உரோமப் படையை எதிர்கொண்டான். தன் நடுவணியை மெல்லப் பின்வாங்கச் செய்து, இரு பக்க அணிகளாலும் பகைவரை வளைத்து அழித்தான். அப்போர் இன்றும் படைக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது. இத்தகைய விளக்கம் நம் சங்கப் பாடல்களில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எந்த அணி எப்பக்கம் திரும்பிற்று என்று புறநானூறு சொல்லாது. படம் வரைந்து போர்க்கலை கற்க விரும்புவோர் ஹானிபலிடமே செல்லட்டும்.

ஆனால் இவர்களை நமக்கு அறிமுகம் செய்தவர் யார்? சீசர் தன் காலியப் போர்களைத் தானே எழுதினான். அதுவும் வேறொருவனைப் பற்றி எழுதுவதுபோலப் படர்க்கையில் எழுதினான். ஹானிபலின் வரலாறு அவனுடைய பகைவரைச் சார்ந்தோர் எழுதியது. கார்த்தேஜ் நாட்டார் எழுதிய வரலாற்று நூல் எதுவும் எஞ்சவில்லை. அலெக்சாண்டரின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பெறும் அர்ரியனின் நூல், அவன் இறந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எழுதப்பட்டது. நம் படைத்தலைவரைப் பாடியவரோ பரிசில் வேண்டி அவர்தம் வாயிலில் நின்ற புலவர். பரிசில் பெற வந்தவர் புகழாமல் வேறென்ன செய்வார் என்று மாணவர் கேட்கலாம். நியாயமான வினாதான். எனினும், புகழ வந்தவர் எதைத் தேர்ந்து புகழ்ந்தார் என்று பார்த்தால், அக்காலத்தார் எதை மதித்தனர் என்பது புலப்படும்.

கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் என்றொரு புலவர். பெயர் நீளமாயினும் பாட்டு நேரானது. அவர் ஏனாதி திருக்கிள்ளி என்ற படைத்தலைவனைப் பாடியது புறநானூற்றின் 167-ஆம் பாடல். ஏனாதி என்பது வேந்தர் தம் படைத்தலைவர்க்கு மோதிரம் அணிவித்து அளித்த பட்டம். அத்தகைய சிறப்புப் பெற்றவன் முன்னே நின்று புலவர் சொல்லும் முதற்செய்தி, அவன் பார்ப்பதற்கு அழகாக இல்லை என்பதுதான்! போர் வந்தால் முன்னே நின்று தாங்குகிறவன் ஆதலின், அவன் உடம்பெல்லாம் வாள் வெட்டிய வடு. ஆகவே காதால் கேட்க இனியவன். கண்ணால் காண இன்னாதவன். அவன் பகைவரோ, அவனைக் கண்டதும் புறங்காட்டி ஓடுவோர். அவர்தம் மேனியில் ஒரு கீறலும் இல்லை, காண அழகியர், கேட்கத்தான் இன்னாதவர். அவனும் ஒன்றில் இனியன், அவர்களும் ஒன்றில் இனியர்; இருவர்க்கும் கணக்குச் சரியாகிவிட்டதே, பின் உலகம் உன்னை மட்டும் வியப்பது ஏன் என்று புலவர் கேட்டு முடிக்கிறார். இதனினும் நயமாக ஒருவனைப் புகழ இயலுமோ என்று நாம் வியக்கிறோம்.

அலெக்சாண்டரும் தழும்பு பட்டவனே. கி.மு. 324-இல் ஓபிஸ் நகரில் அவன் படையினர் முரண்டு பிடித்தபோது, தன் உடம்பின் முன்புறத்தில் காயம் படாத இடமில்லை என்று அவர்களிடம் பேசியதாக அர்ரியன் எழுதுகிறார். அவன் தன் தழும்பைத் தானே எடுத்துரைத்தான். திருக்கிள்ளி தன்னைப்பற்றி ஒரு சொல்லும் பேசியதாக இல்லை. இவ்வேறுபாடு சிறியதன்று.

இதே புலவர் 180-ஆம் பாடலில் ஈர்ந்தூர் கிழான் தோயன் மாறனைப் பாடுகிறார். இவன் பெருஞ்செல்வன் அல்லன். வந்தவர்க்கு இல்லையென்று சொல்லும் வழக்கமும் இல்லாதவன். மருந்துக்காக வெட்டிவெட்டி எடுக்கப்பெற்ற மரம்போல் வெட்டுண்டு ஆறிய மேனியன். நாம் சென்று கேட்டால் அவன் என்ன செய்வான் தெரியுமா? தன் ஊர்க் கொல்லனிடம் நம் ஒட்டிய வயிற்றைக் காட்டி, வேல் ஒன்று வடித்துத் தா என்று அவனை வேண்டுவான். வேல் கிடைத்தால் போர். போர் கிடைத்தால் பொருள். பொருள் கிடைத்தால் பாணர்க்குச் சோறு. பாணர் பசியைப் பகையாகக் கொண்டு அதன்மேல் படையெடுக்கும் தலைவன் இவன். கொள்ளைப் பொருள்தானே என்று இன்றைய நாம் முகஞ்சுளிக்கலாம், சுளிப்பதில் தவறுமில்லை. ஆனால் அலெக்சாண்டர் பாரசீகத்தில் அள்ளிய பொன் எவர் பசியின் பொருட்டு என்ற வினாவையும் உடன் கேட்பதே நடுவுநிலை.

குமரனாரின் மற்றொரு பாடலை (394) நகைச்சுவைக்காகவே மாணவர் படிக்கவேண்டும். சோழிய ஏனாதி திருக்குட்டுவன் இவருக்கு ஒரு போர்யானையைப் பரிசிலாகத் தந்தான். புலவர் அஞ்சித் திருப்பி அனுப்பினார். பரிசில் சிறிதென்று புலவர் வருந்தினார் போலும் என்று நாணிய அவன், இன்னொரு யானையைத் தந்துவிட்டான். அன்றுமுதல் எத்தனை வறுமை வந்தாலும் அவனிடம் போவதில்லை என்கிறார் புலவர்.

குமரனாரை விட்டுச் சேரநாட்டுப் பக்கம் வந்தால், குதிரைமலைத் தலைவனும் சேரமானின் படைத்தலைவனுமான பிட்டங்கொற்றனைக் காணலாம். காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் அவனிடம் ஒரு குறை சொல்கிறார் (169): உன் படை முன்னேறினால் நீ முதலில் நிற்கிறாய், பகைவர் படை முன்னேறி வந்தால், அகன்ற ஆற்றை மறித்துக் கிடக்கும் குன்றுபோல் உன் படையின் கடையணியைத் தாங்கி நிற்கிறாய், ஆகவே உன்னைப் பார்க்க நேரம் வாய்ப்பது எப்போதும் அரிது. குறைபோல் தோன்றும் இச்சொல்லில் படைத்தலைமையின் இலக்கணம் முழுவதும் அடங்கியுள்ளது என்பது நம் கருத்து. ஆபத்து எப்பக்கம் இருந்ததோ அப்பக்கம் அவன் நின்றான்.

இது நூலிற் படிக்க எளிது. பட்டாசுத் தொழிலால் உண்ணும் இப்பகுதியினர்க்கு அதன் விலை தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது மாண்டவருள், உதவிக்கு ஓடிச்சென்ற சுற்றூராரும் இருந்தனர். அவர்க்கு ஏனாதி மோதிரம் அணிவித்தார் எவருமிலர்.

படைத்தலைமையை விட்டு இறங்குவதிலும் ஒரு வீரம் உண்டு. இதனைக் காட்ட, சங்க காலத்தைக் கடந்து கி.பி. ஏழாம் நூற்றாண்டுக்கு வருகிறோம். கி.பி. 642-இல் பல்லவப் படை வாதாபியைக் கைப்பற்றியது. அந்நகரை அழித்து மீண்ட பரஞ்சோதியார், பின்னர் மன்னனிடம் விடைபெற்றுத் திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டராய் வாழ்ந்த செய்தியைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். அதே 642-இல், மேற்காசியாவில் ஹஸ்ரத் காலித் பின் வலீத் (ரலி) காலமானார்கள். கி.பி. 636-இல் யர்மூக் களத்தில் பைசாந்தியப் பேரரசின் படையை முறியடித்தவர்கள் அவர்கள். வெற்றியெல்லாம் காலிதாலேயே வருகிறது என்று மக்கள் எண்ணிவிடலாகாதென்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தலைமையிலிருந்து விலக்கியபோது, காலித் அவர்கள் மறுப்பேதும் கூறாமல் அபூ உபைதா (ரலி) அவர்களின் கீழ்ப் பணியாற்றினார்கள். அவர்தம் உடம்பிலும் சாண் அளவு இடம்கூடத் தழும்பின்றி இல்லை என்றும், களத்தில் மாளாது படுக்கையில் மாள நேர்ந்ததற்காக வருந்தினார்கள் என்றும் வரலாற்று மரபு கூறும். திருக்கிள்ளியை அறிந்த தமிழ் மாணவர்க்கு இச்செய்தி அயலானதாகத் தோன்றாது.

பிட்டங்கொற்றனை மற்றொரு புலவர், வடம வண்ணக்கன் தாமோதரனார், வாழ்த்துகிறார் (172). பிட்டனின் வேல் வாழ்க, அவன் இறைவனாகிய கோதை வாழ்க என்றவர், அவர்களோடு மாறுபட்டுப் போரிடும் மன்னரும் நெடிது வாழ்க என்று முடிக்கிறார். பகைவர் இருந்தால்தானே திறைப்பொருள் வரும், அதில் நமக்கும் பங்கு வரும் என்று இதற்குப் பொருள் கொள்வோர் உளர். அப்படியே இருக்கட்டும். எதிரியின் நெடுவாழ்வை வேண்டி வாய்திறந்து பாடிய அவை ஒன்று இந்நாட்டில் இருந்தது.

உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டு நம் கையில் கொடுத்தார். ஆயினும் வினாடி வினாப் போட்டிகளில் கன்னே போர் நடந்த ஆண்டு கேட்கப்படுகிறது. ஏனாதி என்றால் என்னவென்று கேட்கப்படுவதில்லை. தமிழ்த்துறையின் அடுத்த இலக்கிய மன்றக் கூட்டத்தில் திருக்கிள்ளியைப் பற்றியும் ஒரு வினா இடம்பெறவேண்டும் என நாம் முன்மொழிகிறோம். அவன் வென்ற போர்களின் பெயர்களைக் கூறுக என்று மட்டும் கேட்டுவிடலாகாது. குமரனார் அவற்றுள் ஒன்றையும் அப்பாட்டில் குறிக்கவில்லை.