குடிபோனவர் பெயர்ப்பலகை

விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு மென்பொருளை நீக்கியபின்னும், குடிபோனவர் பெயர் வாசற்பலகையில் நிற்பதுபோல, 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டில் அதன் குறிப்புகள் சில எஞ்சியிருப்பது சகஜமே. எனினும், அவற்றைத் துடைத்தெறிந்தால் கணினி வாயுவேகம் பெறும் என்ற விளம்பரங்களை நம்பிச் சுத்திகரிப்புச் சாதனங்களுக்குப் பணத்தை விரயம் செய்வது விவேகமாகாதென்பதே என் அபிப்பிராயம். கிளைகிளையாகப் பிரிந்த அப்பதிவேட்டில், வேண்டிய குறிப்பை அதன் பாதை வழியே நேரே சென்று எடுக்கும் இயந்திரத்துக்கு, எங்கோ மூலையில் கிடக்கும் சில நூறு அநாதை வரிகள் பாரமாவதில்லை. (வீட்டுப் பரணைத் துடைக்காத நாம் இதில் காட்டும் சிரத்தை விநோதந்தான்.) 1990களில் 'ரெக்கிளீன்' என்னும் கருவியைத் தானே வழங்கிப் பின்னர் கைவிட்ட மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இத்தகைய சாதனங்களை ஆதரிப்பதில்லை; ஏனெனில், வேண்டிய வரி அழிந்தால் இயங்குதளத்தையே மீண்டும் நிறுவ நேரலாம். ஒரு மென்பொருளது பழைய பதிப்பின் மிச்சம் புதியதை நிறுவவொட்டாமல் தடுக்கும் அபூர்வ சந்தர்ப்பத்தில், 'ரெஜெடிட்' என்னும் பதிவேட்டுத் திருத்தியின் மூலம் அம்மிச்சம் உள்ள கிளையைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, அதை மாத்திரம் நீக்கினால் போதும்.