முதல் தாம்பூலம் யாருக்கு?

நவராத்திரி நெருங்கிவிட்டாலே எங்கள் வீட்டுப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறங்கிவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றிய பொம்மைகளைப் பிரித்துத் துடைத்து, 7 படி கட்டி, மரப்பாச்சியை அலங்கரித்து வைப்பது வரை எல்லாம் என் நாத்தனாரின் கைவண்ணம்தான். படிகள் 3, 5, 7, 9 என்று ஒற்றைப் படையில்தான் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ரொம்பப் பிடிவாதம்!

சுண்டலும் அவர் பொறுப்புதான். "கொண்டைக் கடலையை ராத்திரியே ஊறப் போடு. காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணியில வேக வை. அப்பத்தான் குழந்தைங்களுக்கு வயிறு உப்பாது" என்பார்.

முதல் 3 நாள் துர்க்கை, அடுத்த 3 நாள் லட்சுமி, கடைசி 3 நாள் சரஸ்வதி. வீரம், செல்வம், கல்வி மூன்றையும் பெண் வடிவில் கும்பிடும் பண்டிகை இது. வீட்டுக்கு வருகிற பெண்களைத் தேவியாக நினைத்துத்தானே தாம்பூலம் தருகிறோம்?

ஆனால் சாயங்காலம் விளக்கேற்றி, நாலு பேர் வர ஆரம்பித்ததும் அக்கா மெல்ல அடுக்களைக்குள் போய்விடுவார். 28 வயதில் கணவரை இழந்தவர். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை, இருக்கச் சொன்னதுமில்லை. நானும்தான்.

ஒரு வருஷம் என் 6 வயது மகள் கேட்டாள்: "கொலு வச்சது அத்தைதானே? அத்தைக்கு மட்டும் ஏம்மா வெத்தலை பாக்கு இல்லே?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் சரஸ்வதி பூஜை. மாமியாரிடம் தயங்கித் தயங்கி, "முதல் தாம்பூலம் அக்காவுக்குக் கொடுக்கட்டுமா அம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவேயில்லை. பிறகு தட்டை என் கையிலிருந்து வாங்கி, தாமே மகளிடம் நீட்டினார். அக்காதான் பின்வாங்கினார். "வேண்டாம்மா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நான் கொடுக்கிறேன், வாங்கிக்கோடி" என்றார் மாமியார். குரல் கம்மியிருந்தது.

அன்று வந்தவர்களில் ஒரு அம்மாள் முகம் சுளித்தார். அடுத்த வருஷம் வரவுமில்லை. போகட்டும்! அக்கா இப்போதெல்லாம் கொலுவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்.

உங்கள் வீட்டு அடுக்களையிலும் இப்படி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறாரா, பாருங்கள். சுண்டல் கிண்ணத்தை உள்ளே அனுப்பினால் மட்டும் போதாது. அவரையும் கூடத்துக்குக் கூப்பிடுங்கள்.